சேலையின் மறு நுனி

“பொய் சொல்லுதவங்கள எப்படிம்மா கண்டுபிடிக்கீங்க?”

வேலைக்குச் சேர்ந்த அன்று தேவசகாயம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

முப்பிடாதி பச்சைச் சேலை ஒன்றை உதறினாள். ஒரு நுனியைத் தான் பிடித்துக்கொண்டு மறு நுனியை அவர் பக்கம் நீட்டினாள்.

“பிடிங்க அண்ணாச்சி.”

பிடித்தார்.

இரண்டு பேரும் சேலையை நீள வாக்கில் மடித்தார்கள். அவள் அவரை நோக்கி நடந்து வந்தாள். தன் கையில் இருந்ததை அவர் கையில் சேர்த்தாள். குனிந்து கீழே தொங்கிய மடிப்பை எடுத்தாள். மறுபடியும் நடந்து வந்தாள். சேலை சிறிதாகி மேசைக்குப் போயிற்று.

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலையே?”

“சொல்லியாச்சு.”

இது ஒரு பதிலா? அவருக்கும் அப்படித்தான் இருந்தது. மழுப்புகிறாள் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

*

கோவில்பட்டியில் ஒரு பெரிய ஜவுளிக் கடை. நான்கு மாடி. சேலை விற்கிற மாடியில் குளிர்சாதனம் உண்டு, சிரித்த முகங்கள் உண்டு, குடிக்க மோர் உண்டு. விற்ற சேலையைத் திருப்பிக் கொண்டுவந்தால் மட்டும் மாடிப்படிக்குக் கீழே போக வேண்டும். அங்கே ஒரு மின்விசிறி, ஒரு நீள மேசை. அதுதான் எக்ஸ்சேஞ்ச்.

அந்த மேசைக்குப் பின்னால் முப்பிடாதி நிற்பாள். முப்பத்தாறு வயது. அதிகம் பேச மாட்டாள். பேசினாலும் எதிரில் இருப்பவருக்குப் போதாது.

கற்றுக்கொள்ள வந்த சீடருக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. தேவசகாயம் பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நடு வழியில் பஸ்ஸை நிறுத்தி ஏறினால், டிக்கெட் எடுக்காதவன் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அப்படித்தான் அவர் சொல்வார். நமக்கென்ன தெரியும், நாமா அந்த பஸ்ஸில் இருந்தோம்?

அவர் கற்றுக்கொள்ள வந்தவர் இல்லை என்பதுதான் விஷயம்.

*

சேருவதற்கு முந்தின நாள் முதலாளி அவரை மேல் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

“செக்கர் சார், நம்ம எக்ஸ்சேஞ்ச்ல சண்டையே நடக்க மாட்டேங்கு.”

“நல்லதுதானே முதலாளி?”

“என்ன நல்லது? துணியைத் திருப்பிக் கொண்டாறவன் சண்டை போடாமப் போவானா? ஊர்ல வேற எந்தக் கடைக்கு வேணா போய்ப் பாருங்க. எக்ஸ்சேஞ்ச்ல கழுத்தைப் பிடிக்காங்க. இங்க கோயில் மாதிரி அமைதியா இருக்கு. எனக்கு ராத்திரி தூக்கம் வர மாட்டேங்கு.”

தேவசகாயம் யோசித்தார். முதலாளி சொல்வதிலும் நியாயம் இருக்கிற மாதிரிதான் தெரிந்தது. சத்தமே இல்லாத பஸ்ஸில் அவரும் இரண்டு தடவை சோதனை போடுவார்.

“அந்தப் பொம்பளை ஏதோ பண்ணுதா. யாரோடயோ கூட்டு. பில் இல்லாத சேலையக் கூட வாங்கி வைக்கிதா. பக்கத்துல நின்னு தொழில் கத்துக்கிடுத மாதிரி இருங்க. என்னன்னு பாத்துச் சொல்லுங்க.”

“சரி முதலாளி.”

“உங்க பொண்ணு வீட்டுல சும்மாதானே இருக்கா?”

தேவசகாயம் தலையைக் குனிந்துகொண்டார். மகள் மெர்சி கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தபடியே இருக்கிறாள். ஒரு வேலை கிடைத்தால் எழுந்துவிடுவாள். அது ஒன்றுதான் அவருடைய ஜெபம்.

“இவ போனா அந்த எடம் உங்க பொண்ணுக்கு,” என்றார் முதலாளி.

இப்படித்தான் அவர் சீடரானார்.

*

மேசைக்கு வந்த முதல் ஆள் ஒரு போர்வையோடு கத்திக்கொண்டே வந்தார்.

“யாரை ஏமாத்துதீங்க? ஒரு தண்ணில சாயம் போச்சு. மொதலாளியைக் கூப்பிடு. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருதேன்.”

தேவசகாயத்துக்கு உற்சாகமாக இருந்தது. சண்டை வரப் போகிறது.

முப்பிடாதி அந்தப் போர்வையை வாங்கினாள். உதறினாள். மறு நுனியை நீட்டினாள்.

“பிடிங்க.”

“நான் எதுக்குப் பிடிக்கணும்?”

“தனியா மடிக்க முடியாதுங்க. பெரிய போர்வை.”

அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே பிடித்தார். முதல் மடிப்பு வரைக்கும் கத்தினார். இரண்டாவது மடிப்புக்கு அவள் எதிரே நடந்து வந்து நின்றபோது குரல் இறங்கியது. மூன்றாவது மடிப்பில், போர்வை அம்மாவுக்கு என்றும், அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றும் சொன்னார்.

“சாயம் போறது எங்க தப்பு. வேற எடுத்துக்கிடுங்க. அம்மாவுக்கு மெத்துன்னு இருக்குத மாதிரி பாத்து எடுங்க.”

அவர் போய்விட்டார்.

“அவரை என்னம்மா பண்ணினீங்க?”

“ஒண்ணும் பண்ணல. மடிச்சோம்.”

வசியமா, பழக்கமா? தேவசகாயம் அவளைக் கோணப் பார்வை பார்த்தார்.

*

வேறொரு நாள் பட்டு வேட்டியோடு ஒருத்தர் வந்தார். நல்ல மரியாதையான பேச்சு.

“பிரிக்கவே இல்லம்மா. அளவு சின்னதா இருக்கு. மாத்திக் குடுத்துருங்க.”

முப்பிடாதி உதறினாள். நீட்டினாள். அவர் பிடித்தார். மடித்தார்கள். மடித்து முடித்ததும் வேட்டியை அவர் கையிலேயே கொடுத்தாள்.

“நல்ல வேட்டிங்க. எலுமிச்சம்பழம் போட்டுத் துவைச்சா அந்தக் குழம்புக் கறை போயிரும்.”

அந்த மனிதர் வேட்டியை வாங்கி அக்குளில் வைத்துக்கொண்டு நடந்தார்.

தேவசகாயம் வியந்துபோனார். “கறையை நான் பாக்கவே இல்லையே. எப்படித் தெரிஞ்சுது?”

“மடிக்கும்போது அவர் எங்க பாத்தாரு?”

“வேட்டியைப் பாத்தாரு.”

“போர்வைக்காரரு?”

“உங்க முகத்தைப் பாத்தாரு.”

“ம்.”

“இதைச் சத்தமாச் சொல்லிருக்கலாமே. நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான அடுத்தவனுக்குப் பயம் இருக்கும்?”

“அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியணும் அண்ணாச்சி?”

பஸ்ஸில் அவர் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. பிடிபட்டவனை எழுந்து நிற்க வைத்து எல்லோருக்கும் காட்டுவார். அதில்தான் அந்த வேலையின் ருசியே இருந்தது.

*

சந்தேகம் தீர்ந்ததா? எங்கே தீரும். வளர்ந்தது.

ஏனென்றால் அவர் ஒன்றைப் பார்த்துவிட்டார்.

திரும்பி வந்த சேலையை மாற்றிக் கொடுத்து ஆளை அனுப்பிய பிறகு, முப்பிடாதி அந்தச் சேலையின் உள் நுனியை எடுப்பாள். கட்டும்போது இடுப்புக்குள்ளே செருகிக்கொள்கிற நுனி. யார் கண்ணிலும் படாத இடம். அதன் மூலையில் தொங்குகிற நூல் இரண்டை முறுக்கிச் சின்னதாக ஒரு முடிச்சுப் போடுவாள். ஒளித்துப் போடுவதில்லை. அவர் எதிரிலேயே போட்டாள்.

“அது என்னம்மா?”

“முடிச்சு.”

“அது தெரியுது. எதுக்கு?”

அவள் சேலையைக் கட்டில் சேர்த்தாள். சாயங்காலம் ஆள் வந்து அந்தக் கட்டை மேல் மாடிக்கு எடுத்துக்கொண்டு போனான்.



இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு பெண் சேலையோடு வந்தாள். பில் இல்லை. பில் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. முப்பிடாதி சேலையை முழுதாகப் பிரிக்கக்கூட இல்லை. உள் நுனியைத் தேடி எடுத்தாள். மூலையைத் தடவினாள்.

“வேற எடுத்துக்கிடுங்கம்மா,” என்றாள் உடனே.

தேவசகாயம் எட்டிப் பார்த்தார். மூலையில் முடிச்சு.

அகப்பட்டுக்கொண்டாள். இதுதான் கூட்டு. முடிச்சு இருந்தால் கேள்வி கிடையாது. வெளியே ஆள் வைத்திருக்கிறாள். அடையாளம் போட்டு அனுப்புகிறாள், அடையாளத்தோடு திரும்பி வருகிறது.

அன்று மாலை மேல் அறையில் முதலாளி கேட்டார், “என்ன செக்கர் சார்?”

“பில் இல்லாம எடுத்ததைப் பாத்தேன் முதலாளி.”

“எந்தச் சேலைய எடுக்கணும், எதை எடுக்கக் கூடாதுன்னு அவளுக்கு எப்படித் தெரியிது?”

முடிச்சு நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனாலும் அவர் பழைய ஆள். டிக்கெட்டுக்காகப் பையில் கை விட்டுத் தேடுகிறவன் தேடி முடிக்கும் வரைக்கும் அபராதம் எழுத மாட்டார்.

“இன்னும் கொஞ்சம் பாத்துக்கிடுதேன்,” என்றார்.

வீட்டுக்குப் போனதும் மகளிடம் சொன்னார், “இன்னும் கொஞ்ச நாள்தான் மெர்சி. உனக்கு ஒரு வேலை இருக்கு.”

மெர்சி ஜன்னலை விட்டுத் திரும்பிப் பார்த்தாள். பல மாதம் கழித்துத் திரும்பிப் பார்த்தாள்.

*

அந்த சனிக்கிழமை கூட்டம் அதிகம். மாடிப்படியில் ஆட்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். முப்பிடாதி சாப்பிடப் போயிருந்தாள். மேசையில் தேவசகாயம் மட்டும் நின்றார்.

புருஷனும் பெண்சாதியுமாக ஒரு ஜோடி வந்தது. அவன் லாரி டிரைவர் என்பது சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் கையில் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு பட்டுச் சேலை. அதை அவள் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தாள்.

“அவுக வடக்க லோடு போறதுக்கு முன்னால எடுத்துக் குடுத்தாக,” என்றாள். “அவுக வந்த பெறகு சேந்து கோயிலுக்குப் போகும்போது கட்டணும்னு பீரோல வச்சிருந்தேன். நேத்து வந்தாக. இன்னைக்குப் பிரிச்சா முந்தானைகிட்ட கறை இருக்கு. ஒரு தடவை கூடக் கட்டலைங்க.”

பில்லைக் காட்டினாள். சரியாக இருந்தது.

தேவசகாயம் சேலையை உதறினார். முப்பிடாதி உதறுகிற மாதிரியே உதறினார். ஆனால் மறு நுனியை அவர் யாரிடமும் நீட்டவில்லை. மடிப்புகளைத் தனியாகப் பிரித்தார்.

முந்தானைக் குஞ்சத்தின் நூல்களுக்குள் சிக்கியிருந்த எதுவோ மேசையில் சிதறியது. மஞ்சள் தடவின அரிசி. கூடவே காய்ந்த மல்லிகை இதழ் ஒன்று.

அட்சதை.

அறுபதை நெருங்குகிற வயதில் செக்கருக்குப் பழைய பலமெல்லாம் ஒரே நொடியில் திரும்பி வந்தது. குரலை உயர்த்தினார்.

“கட்டவே இல்லைன்னீங்க. இது என்னம்மா? பீரோவுக்கு யாராவது கல்யாணம் பண்ணி வச்சாங்களா?”

படியில் இறங்கினவர்கள் நின்றார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அந்தப் பெண் சண்டை போடவில்லை. அரிசியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சத்தியமா நான் கட்டலைங்க.”

“கட்டாமத்தான் அட்சதை விழுந்துச்சா?”

அப்போது புருஷன் பேசினான். மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. ஆனால் தேவசகாயத்துக்கும் கேட்டது.

“யாரு கல்யாணத்துக்குப் போனே பூரணம்?”

“எங்கயும் போகல.”

“போன்ல ஒருநா கூடச் சொல்லலையே.”

“போகவே இல்லங்கேன்.”

“யாரு கூடப் போனே?”

அவள் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று தேவசகாயத்துக்குத் தோன்றியது. முதல் தடவையாக அவர் கை சேலையிலிருந்து விலகியது.

*

முப்பிடாதி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மேசையில் கிடந்த அரிசியைப் பார்த்தாள். மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள்.

சேலையின் உள் நுனியை எடுத்து மூலையைத் தடவினாள்.

முடிச்சு இருந்தது.

மாடிப்படியை அண்ணாந்து பார்த்தாள். மேலே முதலாளியின் அறை. பிறகு பேசினாள். அவள் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று தேவசகாயம் நினைத்ததே இல்லை.

“இந்தச் சேலை ஏற்கெனவே ஒரு தடவை இங்க திரும்பி வந்ததுங்க. மாசியில ஒருத்தங்க கல்யாணத்துக்குக் கட்டிட்டு, கட்டலைன்னு சொல்லிக் கொண்டாந்தாங்க. பொய்னு தெரிஞ்சும், மேல வாங்கச் சொன்னதால நான்தான் வாங்கினேன். திரும்பி வந்த சேலைன்னு தெரியட்டும்னு மூலையில முடிச்சுப் போட்டதும் நான்தான். அதை மேல கொண்டுபோயி இஸ்திரி போட்டு, புதுசுன்னு உங்களுக்கு வித்திருக்காங்க. அரிசி அந்தக் கல்யாணத்து அரிசி. இந்தம்மா பொய் சொல்லல. பொய் சொன்னது இந்தக் கடை.”

பில் இல்லாமல் வந்த சேலையை அவள் ஏன் கேள்வி கேட்காமல் வாங்கினாள் என்று தேவசகாயத்துக்கு இப்போது புரிந்தது. படியில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெரியம்மா தான் வாங்கின பையைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

முப்பிடாதி சேலையின் ஒரு நுனியை லாரிக்காரனிடம் கொடுத்தாள். மறு நுனியைப் பூரணத்திடம் கொடுத்தாள்.

“மடிங்க.”

“எங்களுக்கு எதுக்குங்க இது? நீங்கதான் திருப்பி எடுத்துக்கிடுதீங்களே,” என்றான் அவன்.

“எடுத்துக்கிடுதேன். மடிச்சுக் குடுங்க.”

மடித்தார்கள். நீள வாக்கில் ஒரு மடிப்பு. அவன் அவளை நோக்கி நடந்தான். கையில் இருந்ததை அவள் கையில் சேர்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் குனிந்து மடிப்பை எடுத்தான். மறுபடியும் நடந்தான். இந்தத் தடவை கை சேர்ந்ததும் அவன் கையை எடுக்கவில்லை.

“தப்பா கேட்டுட்டேன் பூரணம்.”

“வீட்டுக்கு வாரும். பேசிக்கிடுவோம்,” என்றாள் அவள்.

அந்தக் குரலைக் கேட்டு லாரிக்காரனுக்கு வியர்த்தது. ஆனாலும் அவள் அவன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அவர்கள் போகும்போது தேவசகாயம் குறுக்கே வந்தார். “மன்னிச்சுக்கிடுங்கம்மா. நாலு பேரு முன்னால சத்தமாச் சொல்லிட்டேன்.”

“நீங்க சத்தமாத்தான் சொன்னீங்க,” என்றாள் பூரணம். “அவுக மெதுவாக் கேட்டாகளே. அதுதான் வலிச்சிச்சு.”

அந்தக் கேள்வியை அவன் வாயில் எடுத்துக் கொடுத்தது யார்? தேவசகாயத்துக்கு அது நன்றாகத் தெரிந்தது. மேசையில் சிதறிக் கிடந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். வெட்கமாக இருந்தது.

*

மேல் அறையில் கதவு சாத்தியிருந்தது.

“கேட்டீங்களா அவ பேசினதை? என் கடையில நின்னுகிட்டு என் கடையையே சொல்லுதா.”

“கேட்டேன் முதலாளி.”

“இன்னைக்கே அனுப்பினா அந்தக் கூட்டம் ஊர் பூரா பேசும். காரணம் வேணும். சரக்கைக் கெடுத்தான்னு அனுப்புதேன், வாயைத் திறக்க மாட்டா. ஏதோ முடிச்சுன்னாளே, அந்தச் சேலையையும் அவ தர மாட்டா. எந்த மூலை? எப்படி இருக்கும்? மேல ஆயிரம் சேலை கெடக்கு. எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தான ஆளை விட்டு எல்லாத்தையும் அவிழ்க்க முடியும்?”

தேவசகாயம் நின்றுகொண்டிருந்தார்.

“பக்கத்துலேயே நின்னீங்க. நிச்சயமாப் பாத்திருப்பீங்க. ஒரு வார்த்தை போதும். திங்கக்கிழமை உங்க பொண்ணு வந்து உக்காரட்டும்.”

மெர்சி திரும்பிப் பார்த்த முகம் அவர் கண் முன்னால் வந்தது. அது போகவே இல்லை.

“முதலாளி, நான் எத்தனையோ பேரை நடு வழியில இறக்கி விட்டிருக்கேன். டிக்கெட் வச்சிருக்கவங்களை இறக்கி விட்டதில்ல.”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? முடிச்சு எந்த மூலையில இருக்கு?”

“நான் பாக்கல முதலாளி.”

அவர் பொய் சொல்லுகிறார் என்று கண்டுபிடிக்க செக்கர் வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை. முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். தேவசகாயம் இதுவரை மற்றவர்களைப் பார்த்து வந்த பார்வை அது. அந்தப் பார்வைக்கு எதிரில் நிற்பது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

“உம்மையும் அவ மடிச்சிட்டாளா?”

தேவசகாயம் கதவுப் பக்கம் திரும்பினார்.

“பொண்ணு விஷயத்தை மறந்துரும்,” என்றார் முதலாளி.

*

தேவசகாயம் படி இறங்கி வந்தார். கூட்டம் குறைந்திருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

முப்பிடாதி அன்று வந்த சேலைகளில் ஒன்றை உதறினாள். மறு நுனியை நீட்டினாள்.

பிடித்தார்.

முதல் மடிப்பு முடிந்தது. இரண்டாவது மடிப்பில் தாங்கவில்லை.

“ஏம்மா, நான் தொழில் கத்துக்கிட வரலை.”

அவள் நடந்து வந்து நுனியை அவர் கையில் சேர்த்தாள்.

“உங்களை வேவு பாக்கத்தான் வந்தேன். உங்க எடம் எம் பொண்ணுக்குன்னு சொன்னாங்க.”

“பொண்ணு பேரு என்ன அண்ணாச்சி?”

“மெர்சி.”

“நல்ல பேரு.”

குனிந்து மடிப்பை எடுத்தாள்.

“உங்களுக்குக் கோபம் வரலையா?”

“முதல் நா வந்துச்சு.”

தேவசகாயத்தின் கை அப்படியே நின்றது. முதல் நாள். பச்சைச் சேலை. அன்று மடித்தபோது தன் கண் எங்கே இருந்தது என்று நினைத்துப் பார்த்தார். சேலையில்தான் இருந்தது. கடைசி மடிப்பு வரைக்கும் தலையைத் தூக்கவே இல்லை.

இப்போது தூக்கினார். அவள் முகத்தைப் பார்த்தார். களைத்துப் போயிருந்தாள். நெற்றியில் வியர்வை. இத்தனை நாளும் பக்கத்தில் நின்றும் அந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

“அப்போ அன்னைக்கே தெரியும்லா?”

“தெரியும்.”

“தெரிஞ்சிருந்துமா எம் முன்னாலேயே முடிச்சுப் போட்டீங்க? நான் போய்ச் சொல்லிருந்தா?”

சேலையில் இன்னும் ஒரு மடிப்பு பாக்கி இருந்தது. அவள் நடந்து வந்தாள்.

“இந்தப் பக்கம் நான் பிடிச்சா, அந்தப் பக்கம் பிடிக்க யாராவது வேணும்லா அண்ணாச்சி.”